பேத்திக்கு அங்கயற்கண்ணி என்று பெயர் வைக்கலாமா?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் எனக்கு வருகிற கடிதங்களின் போக்கு மாறிவிடும். மற்ற மாதங்களில் ஒற்று மிகுமா, மிகாதா என்று கேட்கிறவர்கள் இந்த மாதத்தில் குழந்தைக்குப் பெயர் கேட்பார்கள். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே பெயரைச் சுற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ‘படிப்பதற்கு’, ‘படிக்க’ இரண்டில் எது சரி என்று மூன்றாம் முறையாகக் கேட்டிருக்கும் சிவகங்கைக்காரர் பொறுத்தருள வேண்டும். இரண்டும் சரிதான் ஐயா.

கேள்வி: தை மாதம் என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலமான என் மாமியாரின் பெயர் அங்கயற்கண்ணி. அதையே பேத்திக்கு வைக்க ஆசைப்படுகிறேன். மகனும் மருமகளும் நீளமான பெயர், வாயில் நுழையாது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்கிறார்கள். இணையத்தில் தேடி எடுத்த இரண்டெழுத்துப் பெயர் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அங்கயற்கண்ணிக்குப் பொருள் என்ன? இந்தக் காலத்தில் வைக்கலாமா?
(ஒரு வாசகி, திருமங்கலம்)

பதில்: அம்மா, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் ‘ஓய்வு பெற்ற தமிழாசிரியை’ என்று மட்டும் போட்டுக்கொள்கிறேனே தவிர, என் பெயரும் அங்கயற்கண்ணிதான். 68 வருடமாக அதைச் சுமக்கிறேன். ஆகவே இந்த வழக்கில் நான் நடுநிலையான நீதிபதி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொருள் எளிது. அம் என்றால் அழகு. கயல் என்றால் கெண்டை மீன். கண்ணி என்றால் கண்ணை உடையவள். அம்மில் உள்ள மகரம் ககரத்தைக் கண்டதும் ஙகரமாகிவிடும். கயலில் உள்ள லகரம் ககரத்தைக் கண்டதும் றகரமாகிவிடும், கல்லும் கண்டும் சேர்ந்து கற்கண்டு ஆவது போல. உங்கள் மகன் கற்கண்டு என்று தடுமாறாமல் சொல்வார் அல்லவா? அப்படியானால் கயற்கண்ணியும் வாயில் நுழையும்.

பெயர் எவ்வளவு பழையது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்து பாடிய பதிகம் ஒன்று பாண்டியன் மனைவியான மங்கையர்க்கரசியின் பெயரை வைத்தே தொடங்குகிறது. முதல் பாட்டிலேயே அரசியைப் பங்கயச்செல்வி என்கிறார். அதே பாட்டின் கடைசி அடியில் ஆலவாயில் இறைவன் அங்கயற்கண்ணியோடு அமர்ந்திருக்கிறான் என்கிறார். ஒரே பாட்டில் மதுரைப் பெண்களுக்கு மூன்று பெயர். என் வகுப்பில் ஒரு வருடம் மங்கையர்க்கரசி ஒருத்தி, செல்வி ஒருத்தி இருந்தார்கள். அந்தப் பாட்டை நடத்தும்போது தன் பெயர் வந்ததும் ஒவ்வொருத்தியும் நிமிர்ந்து உட்காருவாள். மூன்றாவதாக நிமிர்ந்தது நான். நின்றுகொண்டு பாடம் நடத்தியதால் யாருக்கும் தெரியவில்லை.

அதே வகுப்பில்தான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, மீனின் கண் வட்டமாக, இமை இல்லாமல், முறைத்துக்கொண்டு இருக்கிறதே, அதைப் போய் அழகு என்று எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டாள். அப்போது எனக்கு வேலையில் நான்காவது வருடம். அதன் விரிவை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி மணி அடிக்கும் வரை சமாளித்துவிட்டேன். ஆசிரியர்களுக்குத் தெரியும், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று.

அன்று சாயங்காலம் எங்கள் தெரு முனையில் கூறு வைத்து மீன் விற்கும் அம்மாவிடம் போய் நின்றேன். மேலூர்ப் பக்கம் கண்மாய் வற்றிய நேரம். கெண்டை நிறைய வந்திருந்தது. அரைச் சாண் நீளம் இருக்கும், முதுகு கறுத்து, வயிறு வெள்ளி போல. நான் வாங்குவதாகத் தெரியாததால், என்ன டீச்சர் பார்க்கிறீர்கள் என்றார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஈரக்கையாலேயே இரண்டு கெண்டையை எடுத்துப் பலகையின் மேல் மூக்கோடு மூக்கு முட்டினாற்போல் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் விரல் அகலம் இடைவெளி விட்டார். வால்கள் இரண்டு பக்கமும் காதை நோக்கி நீண்டன. வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் இல்லாமலே பலகையில் இரண்டு கண்கள் இருந்தன. மை தீட்டி, ஓரத்தை இழுத்துவிட்ட கண்கள்.

கயற்கண் என்றால் கயலின் கண் அன்று, கயல் போன்ற கண். முழு மீனையே கண்ணுக்கு உவமையாக்கியிருக்கிறார்கள், அதன் நீளத்துக்காகவும் ஓரிடத்தில் நிற்காத புரளலுக்காகவும். எத்தனையோ தடவை ‘உவமைத்தொகை’ என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதியதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பாண்டியர் கொடியிலும் காசிலும் ஏன் இணைக்கயல் என்ற யோசனையும் அன்று முதல் எனக்கு உண்டு. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். குழம்பு நன்றாகவே இருந்தது. கெண்டையில் முள் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இமை இல்லாத கண் என்று அந்தப் பெண் சொன்னதிலும் விஷயம் உண்டு. மீன் முட்டையிட்டு, அடைகாக்காமல், பார்த்துக்கொண்டே இருந்து குஞ்சு பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. விலங்கியல் ஆசிரியை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் மதுரையில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், அம்மன் கண்ணாலேயே காப்பாற்றுகிறாள் என்பதற்கு இதைத்தான் காரணம் சொல்வார். இமை இல்லாததால் தூங்கவும் மாட்டாளாம்.

கேலிக்கு வருகிறேன். செய்வார்கள். என்னையும் செய்தார்கள். கண்ணி என்பதற்கு வலை என்றும் பொருள் உண்டு என்பதால், காடை பிடிக்கக் கண்ணி வைக்கிறவள் என்றார்கள். கேலியைவிடப் பெரிய தொல்லை எழுத்துப்பிழை. என் பள்ளியிறுதிச் சான்றிதழில் நான் ‘அங்கையற்கண்ணி’. ஒரு புள்ளி கூடக் கூடுதல் இல்லை, யகரத்துக்கு முன்னால் ஓர் ஐகாரம்தான் கூடுதல். ஆனால் அங்கை என்றால் உள்ளங்கை. அங்கை அற்ற கண்ணி! உள்ளங்கை இல்லாத பெண் என்று அரசாங்க முத்திரையுடன் சான்று பெற்று, அதே கையால் கையெழுத்தும் போட்டு வாங்கி வந்தேன். பிறகு ஒரு வங்கியின் சேமிப்புப் புத்தகத்தில் ‘அங்கயர்க்கன்னி’ ஆனேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு கன்னி ஆனது இந்த மதுரையில் நான் ஒருத்திதான். ஓய்வூதியக் கணக்குத் தொடங்கும்போது இந்த இரண்டு பெண்களும் நானும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சி என்னவென்றால், வையுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் மருமகள் மனதார ஒப்ப வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதன் தேய்வு. பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அந்த முறைப்படிதான் என் அப்பத்தாவின் பெயர் எனக்கு வந்தது. அப்பத்தா என் அம்மாவுக்கு மாமியார். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். அந்தப் பெயருள்ள குழந்தையை ‘அடி’ என்று திட்டவும் முடியாது. விளைவு என்ன? என்னைப் பெற்றவள் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘பாப்பா’ என்பாள். 50 வயதில் தலை நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளியிலிருந்து வரும்போதும் வாசலில் நின்று ‘பாப்பா வந்துவிட்டாயா’ என்பாள். திட்ட வேண்டுமானால் பொதுவாகச் சுவரைப் பார்த்துத் திட்டுவாள். கேட்கிற நான் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்த வழக்கமெல்லாம் போய்விட்டது. ஆனால் பிடிக்காத பெயரை ஒரு தாயின் மடியில் திணித்தால் கதை அதேதான். படிவத்தில் அங்கயற்கண்ணி இருப்பாள், வீட்டில் வேறு எவளோ வளர்வாள். பெற்றவள் வாயில் வராத பெயருக்கு உங்கள் மாமியாரும் ஆசைப்பட்டிருக்க மாட்டார். மருமகளிடம் கெண்டை மீன் கதையைச் சொல்லிப் பாருங்கள். கூப்பிடுவதற்குக் கயல் போதும், மூன்றே எழுத்து. அவர்கள் கேட்கும் இரண்டெழுத்துக்கு ஓர் எழுத்துதான் கூடுதல். அவசரம் வேண்டாம். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்கு மேலும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழியுண்டு. சேர்க்கிற அன்று மட்டும் நீங்களே கூடப் போய், யகரத்துக்கு முன்னால் ஐகாரம் இல்லை என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மீனாட்சி என்பது மீன் + ஆட்சி, மீன்கொடிப் பாண்டியரின் ஆட்சி என்று ஒரு பட்டிமன்றத்தில் கேட்டேன். உண்மையா?
(ஒரு வாசகர், மேலூர்)

பதில்: கைதட்டல் பலமாக இருந்திருக்கும். அப்படியானால் காஞ்சிபுரத்துக் காமாட்சி என்ன ஆட்சி, காசி விசாலாட்சி என்ன ஆட்சி என்று எழுந்து கேட்டிருக்க வேண்டும். மூவரிடமும் இருப்பது அக்ஷி, வடமொழியில் கண். விசாலமான கண் விசாலாட்சி, மீன் போன்ற கண் மீனாட்சி. அங்கயற்கண்ணியும் கயல்விழியும் அதே பொருளைத் தமிழில் சொல்பவை. கயல்விழி இந்தக் காலத்துப் பெண், அங்கயற்கண்ணி அவளுடைய கொள்ளுப்பாட்டி. அவ்வளவுதான் உறவு.

கேள்வி: என் மனைவியின் பெயர் மீனாட்சி. எங்கள் ஊர் மதுரை வேறு. ‘உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா’ என்று நண்பர்கள் ஓயாமல் கேலி செய்கிறார்கள். தக்க பதில் ஒன்று சொல்லிக்கொடுங்கள்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், செல்லூர்)

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே எந்த ஊர் என்பது தெரிந்துவிட்டது.

ஆனாலும் ஒரு பிடி தருகிறேன். சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், கையில் செங்கோல். மறுநாள் திக்விஜயம், அதற்கு மறுநாள் திருக்கல்யாணம். பட்டம் கட்டிய பிறகுதான் தாலி கட்டிக்கொள்கிறாள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த ஆட்சி நான்கு மாதம்தான். ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் கட்டிச் செங்கோலைக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்குப்படி மீதி எட்டு மாதம் அவருடையது. நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: என் பள்ளிச் சான்றிதழில் மீனாட்சி, ஆதாரில் மீனாக்ஷி. ஆங்கில எழுத்திலும் இரண்டு விதம், ஒன்றில் கே.எஸ்.ஹெச்.ஐ., இன்னொன்றில் டி.சி.ஹெச்.ஐ. எது சரி?
(ஒரு வாசகி, சோழவந்தான்)

பதில்: தமிழில் மீனாட்சி. க்ஷ என்ற எழுத்து தமிழில் வந்து தங்கும்போது ட்ச ஆகிவிடும். சாக்ஷி சாட்சியானாள், பக்ஷி பட்சியானது. க்ஷ போட்டு எழுதினால் பிழை என்று சொல்ல மாட்டேன், வடமொழி எழுத்தைக் கடன் வாங்கி எழுதுகிறீர்கள் என்பேன்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை எனக்கு இலக்கணம் இல்லை, அனுபவம் மட்டும் உண்டு. எந்த எழுத்துக்கூட்டல் உங்கள் பழைய சான்றிதழில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது எளிது. கடவுச்சீட்டு எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: மீனாட்சியின் இன்னொரு பெயரான தடாதகையை வைக்கலாமா? யாரும் வைத்ததாகத் தெரியவில்லையே?
(ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் செய்த வேள்வித் தீயிலிருந்து மூன்று முலைகளுடன் எழுந்து வந்த குழந்தைக்கு இடப்பட்ட பெயர் அது. தடுக்க முடியாத பெருமை உடையவள் என்று பொருள் சொல்வார்கள். திக்குகளையெல்லாம் வென்று கயிலை வரை போன பெண்ணுக்கு ஏற்ற பெயர்தான்.

என் நினைவில் ஒரே ஒருவர், உடன் வேலை பார்த்த ஆசிரியர், தன் மகளுக்கு அந்தப் பெயரை வைக்கத் துணிந்தார். அவருடைய கெட்ட நேரம், ‘தடா’ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அமலில் இருந்த காலம். 1987 முதல் 1995 வரை நாளிதழைப் பிரித்தால் தடாவில் கைது என்று செய்தி இருக்கும். ஆசிரியர் அறையில் எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றினோம். இப்போது அந்தச் சட்டம் இல்லை. உங்களுக்குத் துணிவிருந்தால் வையுங்கள். கூப்பிடுவதற்கு மட்டும் ஒரு செல்லப்பெயர் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசிக்காவிட்டால் தெருப்பிள்ளைகள் யோசித்துவிடுவார்கள்.

கேள்வி: ஆண்களுக்கும் மீனாட்சி என்று ஏன் பெயர் வைக்கிறார்கள்?
(ஒரு மாணவி, மதுரை)

பதில்: மீனாட்சிசுந்தரம் என்பதைச் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சேர்ந்த பெயர். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். அம்மன் பெயர்தான் முன்னால் நிற்கிறது பார். கோயிலிலும் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமி சந்நிதிக்குப் போவது இந்த ஊர் வழக்கம். வீட்டிலும் ‘அம்மா அப்பா’ என்றுதானே சொல்கிறோம்.

கேள்வி: ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் எனக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயது 58. இதுவரை பெரிதாக நினைத்ததில்லை. கல்லூரியில் படிக்கும் பேத்தி, தோழிகளிடம் என் பெயரைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, மாற்றிக்கொள் ஆச்சி என்கிறாள். மாற்றலாமா?
(ஒரு வாசகி, உசிலம்பட்டிப் பக்கம்)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

என் முதல் வேலை உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான். வருகைப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் இரண்டு போதும்பொண்ணு இருந்தார்கள். எனக்கு 23 வயது, பாரதியை அப்போதுதான் முழுக்கப் படித்து முடித்த வேகம். அவர்களில் மூத்தவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு நல்ல பெயராக ஒன்று வைத்துப் பதிவேட்டில் திருத்தித் தருகிறேன் என்றேன். அவள் பதறிவிட்டாள். வேண்டாம் டீச்சர் என்றாள். தனக்கு அடுத்துத் தம்பி பிறந்தானாம். தன் பெயர் பலித்தது, அதனால் வீட்டில் அய்யா தன்னைத்தான் முதலில் உட்கார வைத்துச் சோறு போடச் சொல்வார் என்றாள். அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் கோபம். பதிவேட்டை மூடிவிட்டேன். வருடக் கடைசி வரை அவள் பெயரை வாசிக்கும்போது என் குரல் சற்றுத் தணிந்துவிடும். அவள் மட்டும் ‘உள்ளேன் அம்மா’ என்று கூரை அதிரச் சொல்வாள்.

சட்டப்படி மாற்றலாம். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட வேண்டும். அதன் பிறகு ஆதார், குடும்ப அட்டை, வங்கி, நிலம் இருந்தால் பட்டா என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும். கால் வலி இருக்கிறதா, கூட வர ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அந்தப் பெயர் உறுத்தினால் 58 வயது தாமதமே இல்லை, இன்றே செய்யுங்கள். பேத்திக்கு உறுத்துகிறது என்பதற்காக என்றால் வேண்டாம். அந்த வெட்கம் உங்கள் மேல் விழ வேண்டியது அன்று. ‘போதும்’ என்று சொன்னவர்கள் மேல் விழ வேண்டியது. படித்த பெண், எடுத்துச் சொன்னால் விளங்கும். மாற்றுவதென்று முடிவு செய்தால் புதுப்பெயரைப் பேத்தி தேர்ந்தெடுக்க விடாதீர்கள். முதல் தடவை உங்களைக் கேட்காமல் வைத்தார்கள். இந்தத் தடவையாவது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்ன பெயர் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கேள்வி: முன்பு ஒரு கூட்டத்தில் உங்களைச் சந்தித்தபோது உங்கள் முழுப்பெயரைச் சொல்லி அழைத்தேன். திடுக்கிட்டுத் திரும்பினீர்கள். உங்களை யாரும் அப்படி அழைப்பதே இல்லையா?
(ஒரு வாசகி, திருப்பரங்குன்றம்)

பதில்: அம்மா கதையை மேலே சொல்லிவிட்டேன். பள்ளியில் ‘டீச்சர்’, தெருவில் ‘டீச்சரம்மா’. என் வீட்டுக்காரர் ‘இந்தா’ என்பார். அதிகம் பிரியம் வந்தால் ‘இந்தாம்மா’. பிள்ளைகளுக்கு நான் அம்மா. முழுப்பெயரைச் சொன்னவை மருத்துவமனைகளும் வங்கிகளும்தான். அவையும் பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு ‘கண்ணி யாரும்மா’ என்று முடித்துவிடும்.

கோயிலிலாவது நடந்திருக்க வேண்டும். வருடா வருடம் என் பிறந்தநாளுக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு அம்மன் சந்நிதிக்குப் போவேன். நெரிசலில் தட்டை நீட்டியதும் பட்டர் ‘யார் பெயருக்கு’ என்பார். ‘அங்கயற்கண்ணி’ என்பேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். நட்சத்திரம் கேட்க மாட்டார். வெளியூர்க் கூட்டம் என்றால் நேரம் இருக்காது என்று நானும் விட்டுவிடுவேன். ஏறக்குறைய 20 வருடம் இப்படியே நடந்தது. ஒரு முறை கூட்டம் இல்லாத மத்தியான நேரம். பக்கத்தில் நின்றவரிடம் ராசி, நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் நிதானமாகக் கேட்டவர் என்னிடம் மட்டும் கேட்காமல் திரும்பினார். எனக்கு நட்சத்திரம் ரோகிணி, ரிஷப ராசி என்று நானே சொன்னேன். அவர் நின்று, என்னைப் பார்த்து, ‘சுவாமி பெயருக்கு என்று அல்லவா நினைத்தேன்’ என்றார்.

பிறருக்காக வேண்டிக்கொள்கிறவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் தெய்வத்தின் பெயருக்கே அர்ச்சனை செய்யச் சொல்வது உண்டல்லவா? 20 வருடமாக என் பிறந்தநாளுக்கு அவளுக்குத்தான் அர்ச்சனை நடந்திருக்கிறது, என் காசில். இப்போது சீட்டை நீட்டும்போதே ரோகிணி, ரிஷபம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரை அப்புறம் சொல்கிறேன்.